ஏலத்துக்கு வந்த தெல்லிப்பழை

எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. டொக்டரிடம் காட்டுகிற வருத்தம் இல்லை. பழைய செப்புத்தகட்டுப் படங்களைக் கண்டால் கால் அந்த இடத்திலேயே நின்றுவிடும், கை தானாகக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் போகும். ஒக்லண்டில் சான்ட்ரிங்கம் பக்கம் ஒரு உணவகத்தின் குசினியில் நிற்கிறவனுக்கு இது தேவைதானா என்று மனைவி உட்படப் பலபேர் கேட்டுவிட்டார்கள். தேவையில்லைத்தான். இந்தக் காசுக்குச் சீட்டுக் கட்டியிருக்கலாம், கொஞ்சம் நல்ல கார் வாங்கியிருக்கலாம். ஆனாலும் 2011 இல் தொடங்கியது இன்னும் விடவில்லை. இதுவரை 41 தாள் சேர்ந்திருக்கிறது. அதில் ஒரு தாளைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப்போகிறேன். அதற்குமுன் கொஞ்சம் சுற்றிப் போகவேண்டியிருக்கிறது. நேரமில்லாதவர்கள் கடைசிப் பகுதிக்குத் தாவலாம், கோவிக்கமாட்டேன்.

2011 இல் நான் இங்கே கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மணித்தியாலத்துக்கு 13 டொலர். அதுதான் அந்த வருடத்து ஆகக்குறைந்த சம்பளம். திங்கட்கிழமை கடை பூட்டு. மாங்கரே அகதிகள் நிலையத்தில் ஆறு கிழமை இருந்து வெளியே வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தெரிந்த சனம் குறைவு. வீட்டில் ஹீற்றர் போட்டால் கரண்ட் பில் ஏறும். அப்படி ஒரு குளிர்காலத் திங்களில்தான் ஒரு ஏலக்கடைக்குள் நுழைந்தேன். இங்கே ஏலத்துக்கு இரண்டு மூன்று நாள் முதலே சாமான்களைப் பார்வைக்கு வைத்துவிடுவார்கள். உள்ளே கதகதப்பாக இருக்கும். காசு கேட்கமாட்டார்கள். ஏன் வந்தாய் என்றும் கேட்கமாட்டார்கள். எந்தக் கந்தோருக்குள் போனாலும் ஏன் வந்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்த ஒருவனுக்கு அது பெரிய விசயம்.

ஏலம் எங்களுக்குப் புதிதில்லை. கோயிலில் சாமிக்குப் படைத்த மாம்பழத்தையும் பலாப்பழத்தையும் ஏலம் கூறுவார்கள். நூறு ரூபாய்ப் பழத்தை வெளிநாட்டுக் காசு வந்த வீட்டுக்காரர் ஐயாயிரத்துக்குக் கேட்பார். பழத்துக்காக இல்லை, பேருக்காக. கடற்கரையில் மீன் கூறுகிறதும் ஏலம்தான். அங்கே பேருக்கு இடமில்லை, மீன் பழுதாகிவிடும். இங்கத்தை ஏலம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பெரிய ஏலங்களில், வெப்ஸ், ஆர்ட்+ஒப்ஜெக்ட் போன்ற இடங்களில், கோல்டியின் மாவோரி முதியவர்களும் மக்கஹோனின் கறுப்பு ஓவியங்களும் இலட்சக்கணக்கில் போகும். அது எங்கட கணக்கில்லை. நான் போவது சின்ன ஏலங்களுக்கு. செத்துப்போன கிழவன் கிழவிகளின் வீட்டைப் பிள்ளைகள் துப்புரவாக்கி அனுப்பின சாமான்கள்: தேத்தண்ணிக் கோப்பை, வெள்ளிக் கரண்டி, மணிக்கூடு. கடைசி மேசைக்குக் கீழே ஒரு கடதாசிப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள்தான் படங்கள்.

என்னுடைய முதல் தாள் ஒரு கட்டோடு வந்தது. கட்டு 20 டொலர். மற்றதெல்லாம் ஸ்கொட்லாந்து ஏரியும் செம்மறி ஆடும். நடுவில் ஒன்று மட்டும் கண்டி. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்தபோது 'இலஸ்ரேற்றட் லண்டன் நியூஸ்' வெளியிட்ட படங்களில் ஒன்று. யானைகள், தீப்பந்தங்கள், தலைப்பாகைகள். எனக்குக் கண்டி சொந்த ஊருமில்லை, அந்த இளவரசரில் பாசமுமில்லை. ஆனால் வெறுங்கையோடு வந்தவனுக்கு, தான் பிறந்த தீவின் பேர் அச்சடித்த ஒரு தாள், அதுவும் 130 வருடம் பழசு, 20 டொலருக்குக் கையில் வந்ததென்றால் அன்றைக்கு நித்திரை வராது. வரவில்லை.

பிறகு நூலகத்தில் இருந்து வாசிக்கத் தொடங்கினேன். யாழ் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவன் நான், முடிக்கவில்லை. 2006 ஓகஸ்ட்டில் ஏ9 பாதை மூடியபோது இரண்டாம் வருடம். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே எழுதியவைதான். படிப்பு நின்றாலும் ஒரு படத்தைக் கண்டால் வடக்கு எங்கே, அளவுத்திட்டம் எங்கே என்று தேடுகிற பழக்கம் நிற்கவில்லை.

இந்தப் படங்களில் சாதிகள் இருக்கின்றன (இதிலுமா என்று கேட்காதீர்கள்). லண்டன் பத்திரிகையில் வந்தது மரக்கட்டையில் செதுக்கியது. அதைவிடப் பழையது செப்புத்தகடு. தகட்டில் கூரான உளியால் நேரே கோட்டை வெட்டினால் அது என்கிரேவிங். தகட்டுக்கு மெழுகு பூசி, ஊசியால் மெழுகைக் கீறி, அமிலத்தில் போட்டால் கீறின இடத்தை மட்டும் அமிலம் தின்னும், அது எச்சிங். உளி வெட்டின கோடு மெல்லிசாகத் தொடங்கி, நடுவில் பருத்து, திரும்ப மெலிந்து முடியும். அமிலம் தின்ற கோடு ஒரே தடிப்பில் ஓடி மொட்டையாக நிற்கும். எதுவானாலும் பிறகு கோட்டுக்குள் மையை அடைத்து, மேலே உள்ள மையைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளைக்குள் அமத்தி எடுப்பார்கள். ரொட்டி மாவில் கோப்பை விளிம்பை அமத்தி எடுத்தால் ஒரு தடம் நிற்குமே, அப்படித் தகட்டின் விளிம்பு தாளில் பதிந்திருக்கும். விரலால் தடவினால் தெரியும். பூதக்கண்ணாடிக்குள் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது இந்தக் காலத்து அச்சு, வைத்துவிட்டு வரலாம். தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துக் கம்பித்தடங்கள் தெரிகிறதா என்று பார்ப்பது இன்னொன்று. 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரைக்கும் ஐரோப்பாவில் கடதாசி கம்பிச்சல்லடையில் செய்யப்பட்டது, அந்தக் கோடுகள் உள்ளே கிடக்கும். கிழமையில் ஆறு நாள் மா குழைக்கிற கைக்குத் தாளின் பதம் பிடிபட அவ்வளவு காலம் எடுக்கவில்லை.

புதிதாக ஏலத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சுத்தியல் விழுந்த விலை உங்கள் விலை இல்லை. அதற்குமேல் ஏலக்கடையின் கொமிசன், கொமிசனுக்குமேல் 15 வீத ஜிஎஸ்ரி. இதை மனதில் கூட்டிப்பார்த்த பிறகே கையைத் தூக்கவேண்டும்.

நியூசிலாந்தில் இந்தத் துறையின் தங்கம் என்றால் கப்டன் குக்கின் பயணப் படங்கள். 1769 இல் 'என்டவர்' கப்பலில் வந்தவர்களில் சிட்னி பார்க்கின்சன் என்று ஒரு இளம் ஓவியர். மாவோரித் தலைவர்களின் முகத்தில் இருந்த மோக்கோ பச்சைக்கோடுகளை நேரில் பார்த்துக் கீறினார். ஊர் திரும்பவில்லை, 1771 ஜனவரியில் கடலிலேயே செத்துப்போனார். அவருடைய குறிப்புகள் 1773 இல் லண்டனில் புத்தகமாக வந்தன. தகட்டில் வெட்டினவர்கள் அங்கே இருந்த செதுக்குக்காரர்கள். ஒரு மாவோரி முகத்தை அவர்கள் கண்ணால் கண்டிருக்கச் சந்தர்ப்பமில்லை. ஒருமுறை அந்தத் தலைவர் படம் பார்வைக்கு வந்திருந்தது. என் சம்பளத்துக்கு எட்டாது, பார்க்க மட்டும் போனேன். ஒரு மாவோரி அம்மா பேரப்பிள்ளையோடு வந்து அதன் முன்னால் நீண்ட நேரம் நின்றார். வாங்க வந்தவராகத் தெரியவில்லை. போகும்போது கண்ணாடியை விரலால் தொட்டுவிட்டுப் போனார். தொடவேண்டாம் என்று எழுதியிருந்தது. அங்கே நின்ற பெடியன் அதைக் கண்டும் காணாததுமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நல்ல பெடியன்.

இங்கே நல்ல படங்களைக் காசில்லாமல் பார்க்கவேண்டுமானால் நகரத்தில் ஒக்லண்ட் ஆர்ட் கலரி இருக்கிறது. இந்த நாட்டில் வசிப்பவர்களுக்கு நுழைவு இலவசம். ஜேர்மனியில் பிறந்து இங்கே வந்து குடியேறிய வால்டர் ஓபர்ன் என்ற டொக்டர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த 17 ஆம் நூற்றாண்டுப் படங்கள், 1982 இல் அவருடைய மரணசாசனப்படி அங்கே சேர்ந்தன. அதில் முக்கியமானவர் வென்சஸ்லஸ் ஹொல்லர். இந்தாளைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 1607 இல் பிராக் நகரத்தில் பிறந்தவர். இருபது வயதில் ஊரை விட்டு வெளிக்கிட்டார். ஜேர்மனியில் ஊர் ஊராக அலைந்து, ஒரு ஆங்கிலப் பிரபுவின் கண்ணில் பட்டு லண்டன் போனார். அங்கே உள்நாட்டுச் சண்டை. 1644 இல் அன்ற்வேர்ப்புக்கு ஓடினார். 1652 இல் திரும்ப லண்டன். சுமார் 2,700 தகடுகள் கீறினார்: தேவாலயங்கள், சிப்பிகள், பெண்கள் குளிருக்குக் கை நுழைக்கிற உரோம உறைகள், கப்பல்கள். உரோம உறையைப் பார்த்தால் மயிர் காற்றில் அசையும்போல இருக்கும். மேசையில் ஒரு மணற்கடிகாரம் வைத்து, மணித்தியாலத்துக்கு 4 பென்ஸ் கணக்கில் வேலை செய்தாராம். ஆராவது கதைக்க வந்தால் மணற்கடிகாரத்தைப் படுக்க வைத்துவிடுவாராம், கதைத்த நேரத்துக்குக் காசு வாங்கக்கூடாதென்று. எங்கட முதலாளிமாருக்கு இந்தக் கதை தெரியாமல் இருப்பது நல்லது. 1677 இல் சாகக் கிடக்கும்போது கடன்காரரின் ஆட்கள் சாமான் தூக்க வந்துவிட்டார்கள். நான் கிடக்கிற கட்டிலை மட்டும் விடுங்கோ, செத்தபிறகு கொண்டுபோங்கோ என்று கேட்டதாகச் சொல்லுவார்கள்.

1666 இல் லண்டன் பற்றி எரிந்தபிறகு அவர் ஒரு தாள் வெளியிட்டார். மேலே எரியுமுன் நகரம், கீழே எரிந்தபின் நகரம். இரண்டும் ஒரே இடத்தில் நின்று பார்த்த காட்சி. நான் புவியியல் படித்தவன் என்று சொன்னேனே, அந்த இரண்டு படத்துக்கும் இடையில் தேவாலயக் கோபுரங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பொருத்தி ஒரு பின்னேரம் முழுக்க இருந்தேன். யாழ்ப்பாணத்துக்கு அப்படி ஒரு தாள் இருக்கிறதா என்று தேடத் தொடங்கினது அதற்குப் பிறகுதான்.

அப்படித் தேடும்போது வந்து சேருகிற பேர் பிலிப்பஸ் பல்தேயுஸ். ஒல்லாந்துப் பாதிரியார். 1658 ஜூனில் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த கையோடு வந்து, 1665 வரை அங்கே இருந்தார். 1672 இல் ஆம்ஸ்ரடாமில் அவருடைய பெரிய புத்தகம் வந்தது. மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை மூன்றையும் பற்றியது. அதே வருடம் ஜேர்மன் மொழியிலும், 1700 களின் தொடக்கத்தில் சேர்ச்சிலின் பயணத் தொகுப்புக்குள் ஆங்கிலத்திலும் வந்தது. தமிழ் எழுத்துகளையே செப்புத்தகட்டில் வெட்டி அதில் போட்டிருக்கிறார்கள். கோட்டைப் படமும் உண்டு. நாங்கள் அறிந்த ஐந்து முனைக் கோட்டையை அதில் தேடவேண்டாம். அது ஒல்லாந்தர் பிறகு கட்டியது. இது போர்த்துக்கேயர் கட்டின நாற்சதுரக் கோட்டை. ஐந்து முனைக் கோட்டைக்குள் 1706 இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயமும் 1990 சண்டையோடு போய்விட்டது.

என்னைப் பிடித்து உலுப்பியது கோட்டை இல்லை. பல்தேயுஸ் ஊர் ஊராக எழுதியிருக்கிறார். தெல்லிப்பழை, மல்லாகம், உடுவில், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, சங்கானை, மானிப்பாய், நல்லூர், கோப்பாய், சாவகச்சேரி, வரணி என்று. ஊர்த் தேவாலயங்களுக்குப் படமும் போட்டிருக்கிறார். போர்த்துக்கேயர் கட்டினதை ஒல்லாந்தர் பறித்துத் தங்கள் சபைக்கு மாற்றின கட்டடங்கள். அதற்கும் முந்தி அந்தக் கற்கள் எங்கே இருந்தன என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஞானஸ்நானம் எடுக்காதவனுக்கு உத்தியோகமில்லை, காணி உரிமையில் சிக்கல், கலியாணப் பதிவில் சிக்கல். பள்ளிக்கூடத் தோம்பில் பேர் இருக்கவேண்டும். கும்பிட்டது வேறு, பதிந்தது வேறு. ஆகவே அந்தப் படங்கள் எங்களைப் பிடித்து ஆண்டவன் தன் கணக்குப்புத்தகத்துக்குப் போட்ட படங்கள். அதில் எனக்கு மயக்கமில்லை.

ஆனால் வேறு படம் எங்கே இருக்கிறது? நாங்கள் ஏட்டில் எழுதின ஆட்கள். ஏடு பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ பிரதிதான், எரிந்தால் எரிந்ததுதான். 1981 மே 31 இரவு யாழ் பொதுசன நூலகத்தில் எரிந்த 97,000 அளவிலான நூல்களோடு ஏடுகளும் போனது எல்லாருக்கும் தெரியும். செப்புத்தகட்டின் குணம் வேறு. ஒரு தகட்டில் நூற்றுக்கணக்கான தாள் எடுக்கலாம். ஒன்று கறையானுக்குப் போகும், ஒன்று தீக்குப் போகும், ஒன்று லெய்டன் நூலகத்தில் பத்திரமாக இருக்கும், இன்னொன்று பூமியின் அடிப்பக்கத்தில் ஒரு ஏலக்கடைப் பெட்டிக்குள் வந்து கிடக்கும். எதிரி போட்ட கணக்கென்றாலும் பல பிரதி போட்டபடியால் தப்பிவிட்டது.

அது எப்படித் தனித்தாளாகப் பெட்டிக்குள் வந்தது என்பதையும் சொல்லவேண்டும். பங்கு ஆடு அடிக்கிற மாதிரித்தான். முழுப் புத்தகமாக விற்றால் ஒரு விலை, ஒரு ஆள் வாங்குவார். தாள் தாளாக வெட்டி விற்றால் கூடின விலை, பலபேர் வாங்குவார்கள். வியாபாரிகள் பல காலமாகச் செய்துவருகிற வேலை. புத்தகத்தை நேசிக்கிறவர்கள் இதைக் கசாப்பு என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லுவேன். ஆனால் நான் வாங்காமல் விட்டால் வெட்டின தாள் புத்தகத்துக்குள் திரும்பிப் போய் ஒட்டப்போவதில்லை.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

2023 குளிர்காலம். ஒரு சின்ன ஏலத்தின் பட்டியலில் 'டெலிபோல், கிழக்கிந்தியா, 17 ஆம் நூற்றாண்டு, செதுக்குப் படம்' என்று ஒரு வரி. மதிப்பீடு 80 முதல் 120 டொலர். கொழும்பு என்றோ கண்டி என்றோ இருந்திருந்தால் வேறு ஆட்களும் கண்டுபிடித்திருப்பார்கள். 'டெலிபோல்' என்றால் ஆருக்கு என்ன தெரியும்? ஒல்லாந்தர் தெல்லிப்பழையை அப்படித்தான் எழுதினார்கள்.

நான் பிறந்தது தெல்லிப்பழை. 1990 ஜூனில் ஓடி வரும்போது எனக்கு ஆறு வயது. அம்மா நகையும் உறுதியும் எடுத்தா, அப்பா சைக்கிளில் அரிசி மூட்டையும் தங்கச்சியும். அல்பத்தை ஒருவரும் நினைக்கவில்லை. இரண்டு கிழமையில் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லாரும் வெளிக்கிட்டது. பிறகு வலிகாமம் வடக்கு உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. இத்தனை வருடத்தில் பகுதி பகுதியாக விட்டிருக்கிறார்கள். எங்கட காணி விடுபட்டதற்குள் இல்லை. உறுதி அப்பாவிடம் பத்திரமாக இருக்கிறது, அதில் தோம்புப் பேரும் பரப்புக் கணக்கும் எல்லையும் வடிவாக எழுதியிருக்கிறது. வீடு எப்படி இருந்தது என்பதற்கு மட்டும் ஒரு போட்டோவும் இல்லை.

ஊருக்குப் போகிற ரிக்கற்றுக்கென்று ஒரு பால்மாப் பேணிக்குள் காசு போட்டுவந்தோம். அதில் 300 டொலர் எடுக்கப்போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, அந்தப் படத்தில எங்கட வீடு இருக்கோ?"

"இல்லை. சேர்ச்."

"நாங்கள் சைவக்காரர். ஒல்லாந்தன்ர சேர்ச்சைக் காசு குடுத்து வாங்கி என்ன செய்யப் போறியள்? அந்தக் காசைச் சேத்தா நேர போய் ஊரைப் பாக்கலாம்."

"போனா எதைப் பாக்கிறது? வேலிக்கு வெளியில நிண்டு முள்ளுக்கம்பியையோ?"

அவ ஒன்றும் சொல்லவில்லை. பேணியை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டா. அதைச் சம்மதம் என்றும் எடுக்கலாம், கோபம் என்றும் எடுக்கலாம்.

ஏலம் பகல் 12 மணிக்கு. மணித்தியாலத்துக்கு 80, 90 லொட் போகும். என்னுடையது 312. எனக்கு இரவுச் சமையலுக்கு நாலு மணிக்குக் குசினியில் நிற்கவேண்டும். கணக்குப் பார்த்தால் மூன்றரைக்கு முன்னுக்குப் பின்னாக வரும். இடையில் ஒரு தளபாடக் கூட்டத்துக்கு ஆளுக்காள் போட்டிபோட்டு நேரத்தை இழுத்தார்கள். ஒரு அலுமாரிக்குப் பத்து நிமிடம்! கதிரை நுனியில் இருந்து அந்த அலுமாரியைச் சபித்தேன்.

312 வந்தது 3.25 க்கு. 50 இல் தொடங்கினார்கள். தொலைபேசியில் ஒருவர், எனக்கு முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், நான். 120 இல் தொலைபேசி விலகியது. கிழவர் தலையைக்கூட அசைக்கவில்லை, பேனையை மட்டும் கொஞ்சம் தூக்குவார். நான் கையைத் தூக்கினபடியே வைத்திருந்தேன், இறக்கித் தூக்கப் பயமாக இருந்தது. 180, 200, 220. கூறுகிறவர் என்னைப் பார்த்தார். 240 என்றேன், வாய்விட்டு. கிழவரின் பேனை எழும்பவில்லை. சுத்தியல் விழுந்தது. கொமிசன், வரி எல்லாம் சேர 288 டொலர் சொச்சம்.

காசு கட்டுகிற இடத்தில் கிழவர் பக்கத்தில் வந்து நின்றார். ஒல்லாந்துக்காரர். 1953 இல் அங்கே கடல் உடைத்து ஊர்கள் தாண்டபிறகு தாய் தகப்பனோடு கப்பலில் வந்தவராம். பழைய கிழக்கிந்தியக் கொம்பனியோடு சம்பந்தப்பட்டதென்றால் வாங்குவாராம். ஏன் இதற்கு இவ்வளவு கேட்டாய் என்றார். இது என்னுடைய ஊர் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு தாளைத் திருப்பித் தரச்சொல்லிக் கேட்டார். படத்தோடு அச்சடித்த பழைய டச்சு எழுத்தை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மெல்ல மெல்ல எனக்கு வாசித்துக் காட்டினார். எந்தக் கோயிலுக்கு எத்தனை பேர் வருகிறார்கள், பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள். கணக்கு. ஊர்ப் பேர்களை அவர் வாசித்த மாதிரிக்கு நான் திருத்திச் சொல்ல, அவர் திரும்பச் சொல்லிப் பார்த்தார். 'ழ' வரவில்லை. "தெல்லிப்பலை" வரைக்கும் வந்தார். அந்தத் தேவாலயம் இன்னும் நிற்கிறதா என்று கேட்டார். இடிந்து கிடந்ததை 1816 இல் வந்த அமெரிக்க மிசனரிமார் எடுத்துத் திருத்தினார்கள், யூனியன் கல்லூரியின் தொடக்கமும் அதுதான் என்றேன். பிறகு 1990 ஐச் சொல்ல வாய் எடுத்தேன், மணி 3.45. பஸ்ஸுக்கு ஓடினேன். அன்றைக்கு முழுக்கத் தாள் குசினியில் மாமூட்டைக்கு மேல் தட்டில், மூன்று பிளாஸ்ரிக் பைக்குள் சுற்றி இருந்தது.

அடுத்த நாள் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் காட்டினேன். உரும்பிராயில் இருக்கிறார், அப்போது 77 வயது.

"உது எந்த ஊர் தம்பி?"

"தெல்லிப்பழை அப்பா. முன்னூற்றைம்பது வருசத்துக்கு முந்தி."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்க்கிறார் என்பது அவருடைய நெற்றி மட்டும் தெரிந்ததில் விளங்கியது.

"இந்த மரம் என்ன மரம்?"

"பனையாத்தான் இருக்கவேணும்."

"உது பனையே? பனை உப்பிடியே நிக்கிறது? உது தென்னையுமில்லை, பனையுமில்லை. கீறினவன் பனை காணாதவன்."

"ஆம்ஸ்ரடாமில இருந்து வெட்டினவன் அப்பா, அவன் எங்க பனையைக் கண்டான்."

"கிணறும் இல்லை. தண்ணியில்லாமல் சனம் எப்பிடி இருந்ததாம்? எவ்வளவு குடுத்தனி?"

டொலரில் சொன்னேன். அவர் ரூபாய்க்கு மாற்றிப் பார்த்துவிட்டு ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. சேர்ச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற வீடு ஆருடையது என்று கேட்டார். பாதிரியாருடையதாக இருக்கும் என்றேன். "அந்தாளாவது ஊரில இருந்திருக்கு" என்றார். பிறகு, "உதைப் பெரிசாக்கி ஒரு கொப்பி அனுப்பு, கண் தெரியேல்லை" என்றார்.

ஏ3 அளவில் எடுத்து அனுப்பினேன். இப்போது அவர் இருக்கிற வீட்டு விறாந்தையில், அம்மாவின் படத்துக்கு எதிர்ச்சுவரில் ஒட்டியிருக்கிறாராம். வருகிற ஆட்களுக்குப் பிழையான பனையைக் காட்டுகிறதுதான் அவருக்கு வேலை என்று தங்கச்சி சொன்னா. மூலத்தாள் என்னிடம் இருக்கிறது. அமிலமில்லாத அட்டைக்குள் வைத்து, வெயில் படாத நடைபாதைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். சமையல் ஆவி பிடிக்காத இடம் இந்த வீட்டில் அது ஒன்றுதான். பேணிக்குள் திரும்பவும் காசு போட்டு வருகிறோம். மனைவி போடுகிறது கூட, நான் போடுகிறது குறைவு.

என் தாளின் இடது விளிம்பு கத்தியால் நேராக வெட்டப்பட்டிருக்கிறது. அப்படியென்றால் அந்தப் புத்தகத்தின் மற்ற ஊர்களும் எங்கேயோ தனித்தனியாகத் திரிகின்றன. லண்டன், ரொறன்ரோ, சிட்னி, ஆம்ஸ்ரடாம் பக்கம் இருக்கிற நண்பர்கள் ஏலப் பட்டியல்களில் கண் வையுங்கள். 'மானிபே', 'சாங்கனே', 'நலூர்', 'பதெகோத்தே' என்று விசித்திரமாக ஒரு பேர் கண்டால் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், உங்கட ஊராக இருக்கும். வெட்டாத முழுப் புத்தகம் ஆராவது விற்கிறதைக் கண்டால் எனக்கும் சொல்லுங்கள். என்னால் தனியே முடியாது, பத்துப் பேர் சேர்ந்தால் பார்க்கலாம்.